வள்ளலார் காட்டிய உடலோம்பும் நெறி

சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள் தோன்றிய இராமலிங்க அடிகள், இளமையைச் சென்னையிற் கழித்து, பின்னர் இன்றைய கடலூர் மாவட்டத்துக் கருங்குழியில் உறைந்தார். அருட்பாவால் அவரை அறிந்துள்ள நாம், அவர் உடலோம்பும் முறையும் வகுத்தாரென்பதைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

கரிசலாங்கண்ணி, தூதுவளை முதலிய கீரைகளையும் வெந்நீரையும் கொள்ளல், அளவறிந்து உண்ணல், அச்சத்தை அறவே ஒழித்து மனவுற்சாகத்தோடிருத்தல் ஆகியவற்றை அவரது நித்திய கரும விதி வற்புறுத்துகின்றது. கீரைக்குப் பசுமை தரும் பச்சையத்தின் நடுவே மக்னீசியம் உள்ளது. உடலில் அது மிகக் குறையின் இதயத்துடிப்புச் சீர்கெடும். நீங்காத மனவழுத்தமும் இதயத்திற்குத் தீங்காம். இவை பிற்கால ஆராய்ச்சியால் தெளிந்தவை. இவற்றை அடிகள் அறிந்திருந்தாரென்று நாம் கூறவில்லை. வாழ்க்கை முறையாற் கண்ட நெறி அவருடையது.

ஆயினும், உண்ண உணவே இல்லாதானுக்கு உணவு விதி யாது பயன் தரும்? உயிர்கள் படும் துன்பங்களுட் பசியையே தலையாயதாகக் கொண்ட அடிகள், 1867-ஆம் ஆண்டு மே 23-ஆம் நாள் வடலூரில் தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகின்றது. வருவோர்க்குச் சாதி சமய வேறுபாடின்றி உணவு வழங்கப்படுகின்றது. 1874-ஆம் ஆண்டு சனவரி 30-ஆம் நாள் மேட்டுக்குப்பத்தில் அறைக்குட் சென்று திருக்காப்பிட்டுக்கொண்டார்.

தம் இதயத்தைப் பேண விரும்பும் மாணாக்கராகிய நாம், அயலான் பசியையும் அவ்விதயத்தில் வைப்போமாக.