காலத்தை முந்திய விஞ்ஞானி ஜகதீஷ் சந்திர போஸ்

இறக்காமம் குளக்கட்டில் நின்று தலைப்பிறை தேடுவோருக்கு மேற்கு வானம் நன்கு பழக்கமானது. ஆயினும் கண்ணுக்குப் புலப்படும் ஒளி, வானம் அனுப்பும் செய்திகளில் ஒரு சிறு பகுதியே. சுமார் ஐந்தரைக் கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ள எம்87 என்னும் விண்மீன் திரளின் நடுவே, சூரியனைப் போன்று ஏறத்தாழ 650 கோடி மடங்கு நிறைகொண்ட கருந்துளை ஒன்று உள்ளது. அதன் அருகிலிருந்து பீறிடும் தாரையை விஞ்ஞானிகள் வானொலி அலைகளின் மூலம் தொடர்ந்து கண்காணித்து வருகின்றனர். நீண்ட அலைகள் தாரையின் அடிப்பகுதியிலேயே உறிஞ்சப்பட்டு விடுவதால், அதனுள் ஊடுருவிப் பார்ப்பதற்கு மில்லிமீற்றர் அளவிலான குற்றலைகள் தேவைப்படுகின்றன. அத்தகைய அலைகளை உருவாக்கி ஆராய்ந்த முன்னோடிகளுள் ஒருவர் நமது தெற்காசிய மண்ணின் மைந்தரான ஜகதீஷ் சந்திர போஸ் ஆவார்.

இன்றைய பங்களாதேசத்திலுள்ள மைமன்சிங்கில் 1858 நவம்பர் 30ஆம் திகதி அவர் பிறந்தார். அரச அதிகாரியாக இருந்தும் அவரது தந்தை மகனை ஆங்கிலப் பாடசாலைக்கு அனுப்பாது, தாய்மொழிப் பாடசாலைக்கே அனுப்பினார். அங்கு ஒரு புறம் தந்தையின் முஸ்லிம் பணியாளருடைய மகனும், மறுபுறம் மீனவர் ஒருவரின் மகனும் அமர்ந்திருக்க அவர் கல்வி பயின்றார்.

இங்கிலாந்தில் உயர்கல்வி முடித்துத் திரும்பிய போஸ், 1885இல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பௌதிகவியல் பேராசிரியரானார். ஐரோப்பியருக்கு வழங்கியதிலும் குறைந்த சம்பளமே அவருக்கு நிர்ணயிக்கப்பட்டது. அதனை ஏற்க மறுத்த அவர், மூன்றாண்டுகள் ஊதியம் பெறாமலேயே கற்பித்தார். இறுதியில் நிருவாகம் இணங்கி, முழு நிலுவையையும் வழங்கியது.

வசதியான ஆய்வுகூடமும் அவருக்கு வாய்க்கவில்லை. உள்ளூர்த் தகர வேலைக்காரரின் உதவியுடன் சிறியதோர் அறையில் கருவிகளைச் செய்தார். 5 மில்லிமீற்றர் வரை குறுகிய அலைகளை உருவாக்கி, அவற்றைப் புனல் வடிவக் குழாய்களால் ஏற்றார். 1895இல் கல்கத்தா நகர மண்டபத்தில், சுவரை ஊடுருவிச் சென்ற அலைகளைக் கொண்டு மணியை ஒலிக்கச் செய்தும், வெடிமருந்தைப் பற்றவைத்தும் காட்டினார். 1897இல் லண்டன் றோயல் இன்ஸ்டிடியூஷனில் தமது ஆய்வை விளக்கினார். கண்டுபிடிப்பைப் பணமாக்க அவர் விரும்பவில்லை. நண்பர்களின் வற்புறுத்தலால் 1904இல் பெறப்பட்ட அமெரிக்கக் காப்புரிமையையும் காலாவதியாக விட்டுவிட்டார்.

அக்காலத்தில் தொலைதூரத் தந்திக்கு நீண்ட அலைகளே பயன்பட்டமையால், அவரது குற்றலைகள் நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தன. போஸும் தாவரங்களின் உணர்திறன் பற்றிய ஆய்வுக்குத் திரும்பி, 1917இல் தமது பெயரிலான ஆய்வு நிலையத்தை நிறுவினார். விண்வெளியிலிருந்து வரும் வானொலி அலைகளை அமெரிக்கரான கார்ல் ஜான்ஸ்கி 1932இல் இனங்கண்டபோது, போஸ் முதுமையில் இருந்தார். 1937 நவம்பர் 23ஆம் திகதி அவர் காலமானார்.

2019இல் வெளியான எம்87 கருந்துளையின் முதற்படம் 1.3 மில்லிமீற்றர் அலைகளால் பெறப்பட்டது. கருந்துளையின் நிழலும் தாரையும் ஒருங்கே தோன்றிய 2023ஆம் ஆண்டுப் படம் 3.5 மில்லிமீற்றர் அலைகளால் ஆனது. போஸ் தமது அலைகளை வானை நோக்கித் திருப்பியவரல்லர். எனினும் அவர் கால்பதித்த அலைவரிசையே இன்று அண்டத்தின் ஆழத்தைக் காட்டுகின்றது.

உடனடிப் பயன் இல்லையெனக் கருதி ஓர் ஆய்வையோ, வசதி இல்லையெனக் கருதி ஒரு கிராமத்து மாணவனையோ நாம் ஒதுக்கிவிடலாகாது. போஸின் வாழ்வு நமது பாடசாலைகளுக்கு உணர்த்தும் பாடம் இதுவேயாகும்.