மண்ணோட்டில் யவனரைத் தேடிய சங்காலியா

பிறந்து இரண்டு வாரம் ஆன அந்தக் குழந்தை பிழைக்காது என்றுதான் வீட்டார் நினைத்தார்கள். அத்தனை நோஞ்சான். அந்தக் குழந்தை 80 வயது வரை வாழ்ந்தது. மராட்டிய மண்ணைத் தோண்டி, அதன் பழங்கதையை வெளியே கொண்டுவந்தது. அவர்தான் புனே டெக்கான் கல்லூரிப் பேராசிரியர் ஹஸ்முக் தீரஜ்லால் சங்காலியா.

1908-ம் ஆண்டு டிசம்பர் 10-ந் தேதி பம்பாயில், குஜராத்தி வக்கீல் குடும்பத்தில் பிறந்தார். 15 வயதில் திலகரின் நூல் ஒன்றைப் படித்தார். ஆரியரின் பூர்வீகம் வடதுருவம் என்று சொல்லும் நூல் அது. அதை நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே சமஸ்கிருதமும் கணக்கும் எடுத்துப் படித்தார்.

வீலரிடம் பாடம்

மேல் படிப்புக்கு லண்டன் போனார். 1936-ல் டாக்டர் பட்டம் பெற்றார். அங்கே மெய்டன் காசில் என்ற பழைய மண்கோட்டையை மார்ட்டிமர் வீலர் தோண்டிக்கொண்டிருந்தார். ரோமானியர் ஆண்ட காலத்து பிரிட்டனை ஆராய்ந்து பெயர் வாங்கியவர் வீலர். மண்ணை அடுக்கு அடுக்காகப் பிரித்து, எந்த அடுக்கில் எந்த ஓடு கிடைத்தது என்று குறிக்கும் வித்தையைச் சங்காலியா அவரிடம் பழகினார்.

1939-ல் டெக்கான் கல்லூரியில் பேராசிரியர் ஆனார். எரவடாவில் இருக்கும் இந்தக் கல்லூரியில்தான் திலகரும் படித்தார். 1934-ல் மூடப்பட்ட கல்லூரி, ஆராய்ச்சி நிலையமாகத் திறக்கப்பட்ட வருடம் அது.

1944-ல் வீலரே இந்தியத் தொல்பொருள் துறைக்குத் தலைவராக வந்தார். மறு வருடம் புதுச்சேரி அருகே அரிக்கமேட்டைத் தோண்டினார். இத்தாலியின் அரெஸ்ஸோ ஊரில் செய்த முத்திரைத் தட்டுகள் அங்கே கிடைத்தன. அந்தத் தட்டுக்குத் தேதி தெரியும். ஆகவே அதே அடுக்கில் கிடந்த நம்மூர்ப் பானைக்கும் தேதி தெரிந்துவிட்டது. யவனர் தட்டு, தென்னாட்டுக்குக் காலண்டர் ஆயிற்று! (அரிக்கமேடு யவனர் வருவதற்கு முன்பே இருந்த ஊர் என்று பிற்கால ஆய்வு காட்டியது.)

கோலாப்பூரில் கடல் தெய்வம்

அதே 1945-ல் சங்காலியா கோலாப்பூர் போனார். பஞ்சகங்கைக் கரையில் உள்ள பிரம்மபுரி மேட்டில் வெண்கலப் பொருள்கள் கிடைத்திருந்தன. அவற்றில் ஒன்று, கிரேக்கரும் ரோமானியரும் கும்பிட்ட கடல் தெய்வத்தின் சிலை. சாண் உயரம் கூட இல்லை. கையிலிருந்த சூலம் போய்விட்டது. சங்காலியாவும் தீட்சித் என்ற அறிஞரும் 1945-46-ல் அந்த மேட்டைத் தோண்டி, சாதவாகனர் காலத்துச் செங்கல் வீடுகளைக் கண்டார்கள். கடலுக்கு வெகு தூரத்தில், மலைக்கு இந்தப் புறம் இருக்கும் ஊருக்கு அந்தச் சிலை எப்படி வந்தது? மேற்குக் கரைத் துறைமுகங்களில் இறங்கி, கணவாய் ஏறி வந்த சரக்குதான்.

வேறொருவர் என்றால் அந்தச் சிலையின் பெருமையிலேயே காலத்தை ஓட்டியிருப்பார். சங்காலியா இன்னும் கீழே தோண்டினார்.

1954-ல் நெவாசா. ஞானேசுவரர் கீதைக்கு உரை சொன்ன ஊர். இங்கும் யவனர் காலத்து அடுக்கு ஒன்று வந்தது. மது கொண்டுவரும் இரு காது ஜாடியின் ஓடுகள் கிடைத்தன. அதற்கும் கீழே, 3,000 வருடங்களுக்கு முந்திய குடியானவர்களின் வீடுகள். வீட்டுத் தரைக்கு அடியில், இறந்துபோன குழந்தைகளைப் பானையில் வைத்துப் புதைத்திருந்தார்கள். ஒரு குழந்தையின் கழுத்தில் செம்பு மணிமாலை. மணி கோத்த நூல் கூட மிச்சம் இருந்தது. அந்த நூலில் பருத்தியோடு பட்டும் இருந்தது. ராஜாக்களின் கல்வெட்டில் இடம் பெறாத ஜனங்கள் இவர்கள்.

மாணவர்களை அவர் வகுப்பில் மட்டும் உட்கார வைக்கவில்லை. ஆளுக்கு ஒரு ஜில்லா, அல்லது ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கு என்று பிரித்துக் கொடுத்து, நடந்து தேடச் சொன்னார். புனே ஜில்லாவிலேயே உள்ள இனாம்காவில் 1968-ல் தொடங்கிய தோண்டுதல், அவர் 1973-ல் ஓய்வு பெற்ற பிறகும் பல வருடம் நடந்தது.

1974-ல் பத்மபூஷண் கிடைத்தது. 1989 ஜனவரி 28-ந் தேதி புனேயில் காலமானார்.

அந்தக் கடல் தெய்வம் கோலாப்பூர் டவுன்ஹால் மியூசியத்தில் இருக்கிறது. மகாலட்சுமி கோவிலுக்குப் போகிறவர்கள் அதையும் ஒரு எட்டு பார்த்து வரலாம்.