சொற்களைக் கற்ற கணினி

கிரேஸ் ஹாப்பர் 1906ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் பிறந்தார். ஏழு வயதில், அலாரக் கடிகாரம் எப்படி இயங்குகிறது என்று அறிய ஆசைப்பட்டு, வீட்டிலிருந்த ஏழு கடிகாரங்களைப் பிரித்துப் போட்டுவிட்டார். இனி ஒரு கடிகாரத்தை மட்டும் பிரிக்கலாம் என்று தாயார் விதி செய்தார். உயர்கணிதம் பெண்களுக்கு ஏற்றதன்று எனப் பலர் எண்ணிய காலத்தில், 1934இல் யேல் பல்கலைக்கழகத்தில் அவர் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றார். தாம் முன்பு பயின்ற வாசார் மகளிர் கல்லூரியில் கணிதம் கற்பித்தார்.

இரண்டாம் உலகப் போரின்போது, 1943இல், கடற்படையின் மகளிர் பிரிவில் சேர முயன்றார். அவருக்கு வயது அதிகம். எடையோ விதிக்கப்பட்ட அளவைவிட ஏறத்தாழ 7 கிலோ குறைவு. சிறப்பு அனுமதி பெற்றே அவரால் சேர முடிந்தது. மறு ஆண்டு ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த மார்க் 1 என்னும் கணினியில் பணியாற்ற அவர் அனுப்பப்பட்டார். அதன் நீளம் 15 மீட்டருக்கும் அதிகம். அதற்கான கட்டளைகளைக் காகித நாடாவில் துளைகளாக இட வேண்டும். ஒரு துளை மாறினாலும் கணக்குப் பிழையாகிவிடும்.

போர் முடிந்தபின் நிரந்தரக் கடற்படையில் சேர விரும்பினார். வயது 40 ஆகிவிட்டதால் அது மறுக்கப்பட்டது. 1949இல் யூனிவாக் கணினியை உருவாக்கிய நிறுவனத்தில் பணிக்குச் சேர்ந்தார்.

நிரல் எழுதுவோர் பழைய நிரல் துண்டுகளைக் கையால் படியெடுத்தே புதிய நிரல்களை அமைத்தனர். படியெடுக்கும்போது பிழைகள் புகுந்தன. அந்த வேலையைக் கணினியே செய்யட்டும் என்று கருதிய ஹாப்பர், 1952இல் ஏ-0 என்னும் தொகுப்பியை உருவாக்கினார். கணினிக்குக் கணக்கு மட்டுமே தெரியும் என்று சொல்லிப் பலர் அதனை நம்ப மறுத்தனர்.

அவருடைய அடுத்த எண்ணம் இன்னும் துணிவானது. சம்பளக் கணக்கு எழுதுவோரும் கிடங்கில் பொருள்களைப் பதிவு செய்வோரும் கணித வல்லுநர்கள் அல்லர். குறியீடுகளைக் கண்டாலே அவர்கள் ஒதுங்கினர். அவர்களைக் கணிதம் படிக்கச் சொல்வதைவிட, கணினியை அவர்களுடைய சொற்களுக்குப் பழக்குவதே முறை என்று ஹாப்பர் கருதினார். கூட்டு, ஒப்பிடு போன்ற ஆங்கிலச் சொற்களாலேயே கட்டளையிடலாம் என்று கூறினார். கணினிக்கு ஆங்கிலம் புரியாது என்று மேலதிகாரிகள் தட்டிக் கழித்தனர்.

அவர் வாதாடிக்கொண்டிருக்கவில்லை, ஒரு சிறு மாதிரியைச் செய்து காட்டினார். அதே நிரலைப் பிரெஞ்சுச் சொற்களாலும் ஜெர்மன் சொற்களாலும் இயக்கிக் காட்டினார். கணினியைப் பொறுத்தவரை எந்த மொழிச் சொல்லும் வெறும் குறிகளின் வரிசைதான். ஆனால், அமெரிக்காவில் செய்த கணினிக்குப் பிரெஞ்சு எப்படித் தெரியும் என்று அதிகாரிகள் திகைத்துப் போயினர்! ஆங்கிலம் மட்டுமே பயன்படுத்துவதாக வாக்களித்த பின்னரே அவருக்கு ஆதரவு கிடைத்தது. இவ்வாறு ஃப்ளோமேட்டிக் மொழி பிறந்தது.

1959இல், எல்லா நிறுவனக் கணினிகளுக்கும் பொதுவான ஒரு நிரல்மொழி வேண்டும் என்று மேரி ஹாவ்ஸ் என்னும் பெண் நிரலர் வலியுறுத்தினார். அதற்கென அமைந்த குழு, ஃப்ளோமேட்டிக்கைப் பெரிதும் பின்பற்றிக் கோபோல் மொழியை வடிவமைத்தது. ஹாப்பர் அதற்கு ஆலோசகராக இருந்தார். அம்மொழியின் விதிகளை இறுதியாக எழுதி முடித்த அறுவருள் இருவர் பெண்கள். வங்கிகளிலும் அரசு அலுவலகங்களிலும் கோபோல் இன்றும் இயங்குகிறது.

கடற்படை அவரை 1966இல் ஓய்வுபெறச் செய்தது. மறு ஆண்டே ஆறு மாதப் பணிக்காகத் திரும்ப அழைத்தது. அந்த ஆறு மாதம் பல்லாண்டுகள் நீண்டது. 1986இல், 79ஆம் வயதில், ரியர் அட்மிரல் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். சொற்பொழிவுகளுக்குச் செல்லும்போது 30 சென்டிமீட்டர் நீளமுள்ள கம்பித் துண்டுகளைக் கொண்டு செல்வார். ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு நேரத்தில் மின்குறிப்பு செல்லக்கூடிய மிக அதிகத் தொலைவு அதுதான் என்று விளக்கி, மாணவர்களுக்கும் தளபதிகளுக்கும் ஆளுக்கொன்று கொடுப்பார். 1992ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் அவர் காலமானார்.