சைடு வியூ பார்த்த எட்வர்ட் விம்பர்

முதலாம் ஆண்டு டிராயிங் வகுப்பில் எலிவேஷன் மட்டும் போட்டுவிட்டு, சைடு வியூவை எவன் போடுவான் என்று பக்கத்து டேபிளை எட்டிப் பார்த்த நண்பர்களே! அந்த சைடு வியூவால் ஒரு மலையையே வென்ற ஒருவரின் கதை இது.

எட்வர்ட் விம்பர் 1840-ல் லண்டனில் பிறந்தார். காலேஜ் பக்கம் போனவர் இல்லை. அப்பாவின் பட்டறையில் மரக்கட்டையில் படம் செதுக்கும் தொழில் கற்றார். நம்மைப் போலக் கைத்தொழில்காரர்! 1860-ல் ஒரு பதிப்பகத்தார் ஆல்ப்ஸ் மலைகளை வரைந்து வரச்சொல்லி அனுப்பினார்கள். படம் வரையப் போனவர் மலைப் பைத்தியமாகிவிட்டார்.

ஸ்விட்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் எல்லையில் நிற்கும் மேட்டர்ஹார்ன், 4,478 மீட்டர். அதில் யாரும் ஏறியதில்லை. ஸ்விஸ் பக்கம் ஸெர்மாட் ஊரிலிருந்து பார்த்தால் செங்குத்துச் சுவர். ஆகவே பெரும்பாலானவர்கள் இத்தாலிப் பக்கத்தையே முயன்றார்கள். விம்பரும் அப்படித்தான். 1861 முதல் 1863 வரை ஏழு தடவை, ஏழும் தோல்வி. 1862-ல் தனியாளாகப் போய், இறங்கும்போது சறுக்கி அறுபது மீட்டர் உருண்டார். தலையெல்லாம் ரத்தம். பனியை அள்ளிக் காயத்தில் வைத்து அழுத்திக்கொண்டு பிழைத்து வந்தார். மனுஷன் சும்மா இருந்தாரா? நாலே நாளில் மறுபடி மலையில்!

ஆனால் முட்டி மோதிக்கொண்டே இருக்கவில்லை, யோசித்தார். அதுதான் எனக்குப் பிடித்த இடம். ஸெர்மாட் பக்கத்துச் சுவரைப் பக்கவாட்டில் போய்ப் பார்த்தார். நேரே நின்றால் செங்குத்தாகத் தெரிந்தது, பக்கத்திலிருந்து பார்த்தால் பெரும்பகுதி 40 டிகிரி சரிவுதான்! இன்னொன்றும் கண்டார். பாறை அடுக்குகள் இத்தாலிப் பக்கம் ஓட்டுக்கூரை மாதிரி வெளிப்புறம் சரிந்திருக்கின்றன, கால் வழுக்கும். அதே அடுக்குகள் ஸெர்மாட் பக்கம் உள்நோக்கிச் சாய்ந்து படிக்கட்டு மாதிரி இருக்கின்றன. ஊரே பயந்த ஹார்ன்லி முகடுதான் ஏற வேண்டிய வழி என்று முடிவு கட்டினார்.

1865 ஜூலையில் அவருடைய பழைய வழிகாட்டி கரெல், இத்தாலியக் குழுவோடு மறுபக்கம் கிளம்பிவிட்டார். விம்பர் அவசரமாக ஸெர்மாட் வந்து, கிடைத்தவர்களோடு சேர்ந்தார். மொத்தம் ஏழு பேர். அதில் ஹேடோ 19 வயதுப் பையன், அனுபவம் குறைவு. 13-ம் தேதி புறப்பட்டார்கள். கணக்குத் தப்பவில்லை, பெரும்பகுதிக்குக் கயிறே தேவைப்படவில்லை. உச்சிக்குக் கிட்டே மட்டும் வடக்கு முகத்துக்கு ஒதுங்கிக் கஷ்டப்பட்டார்கள். 14-ம் தேதி மதியம் 1.40-க்கு உச்சி! கரெல் கோஷ்டி இன்னும் வெகு கீழே நின்றது. விம்பருக்கு அப்போது வயது 25.

இறங்கும்போதுதான் அந்தக் கொடுமை. அதே கஷ்டமான இடத்தில் ஹேடோ வழுக்கி, முன்னால் போன வழிகாட்டி க்ரோஸ் மேல் விழுந்தான். அந்த இழுப்பில் ஹட்சனும் டக்ளஸும் போனார்கள். மேலே மூத்த டாக்வால்டர், அவர் மகன், விம்பர் மூவரும் பாறையைக் கட்டிப் பிடித்துத் தாங்கினார்கள். டக்ளஸுக்கும் டாக்வால்டருக்கும் நடுவே கயிறு அறுந்தது. நாலு பேரும் சுமார் 1,200 மீட்டர் கீழே பனியாற்றில். டக்ளஸின் உடல் கிடைக்கவேயில்லை.

கொண்டுபோன மூன்று வகைக் கயிற்றில் அங்கே கட்டியிருந்தது இருப்பதிலேயே பலவீனமானது. வழிக்கு அத்தனை வருஷம் கணக்குப் போட்டவர், கயிற்றை விபத்துக்குப் பிறகுதான் கவனித்தார். டாக்வால்டர் அறுத்துவிட்டார் என்றுகூட ஊர் பேசியது. விசாரணையில் குற்றமில்லை என்றார்கள். பேச்சு ஓயவில்லை, பாவம்.

மூன்று நாள் கழித்து கரெல் இத்தாலிப் பக்கமாகவே உச்சி தொட்டார். அதே கரெலைக் கூட்டிக்கொண்டு 1880-ல் ஈக்வடார் நாட்டுச் சிம்போராசோ சிகரத்தில் முதன்முதலாக ஏறினார் விம்பர். 1911-ல் ஷமோனியில் காலமானார். அறுந்த கயிற்றின் துண்டு ஸெர்மாட் மியூசியத்தில் இருக்கிறது. மேட்டர்ஹார்ன் ஏறுகிறவர்களில் அதிகம் பேர் இன்றும் போவது ஹார்ன்லி வழிதான்.