போதிதர்மர்: இடிபாடுகளின் நடுவே எழுதப்பட்ட ஒரு வாழ்க்கை

சீனாவின் ஹெனான் மாகாணத்துக்குச் செல்லும் உல்லாசப் பயணிகள் பெரும்பாலும் ஒரே பாதையில்தான் அழைத்துச் செல்லப்படுகிறார்கள். முதலில் பழைய தலைநகரான லுவோயாங். அங்கே கி.பி. 68 இல் நிறுவப்பட்டதாகச் சொல்லப்படும் வெள்ளைக் குதிரை விகாரையையும், ஆற்றோரக் குன்றுகளில் ஏறத்தாழ ஒரு இலட்சம் சிலைகள் செதுக்கப்பட்ட லொங்மென் குகைகளையும் பார்க்கிறார்கள். அதன் பின்னர் சொங் மலைத்தொடரில் உள்ள ஷாவோலின் விகாரை.

ஷாவோலினில் தற்காப்புக் கலைக் காட்சி நடக்கும். மொட்டையடித்த இளைஞர்கள் தலையில் இரும்புத் தகட்டை அடித்து உடைக்கிறார்கள். ஈட்டி முனையைத் தொண்டைக்குழியில் வைத்து அழுத்தி வளைக்கிறார்கள். ஒருவர் ஊசியை எறிந்து கண்ணாடிக்கு அப்பால் இருக்கும் பலூனை உடைக்கிறார். சபை கைதட்டுகிறது. இவை அனைத்தையும் சீனாவுக்குக் கற்றுக்கொடுத்தவர் இந்தியாவிலிருந்து வந்த போதிதர்மர் என்று பலரும் நம்புகிறார்கள். தமிழர்களிடையே இந்த நம்பிக்கை 2011 இல் வெளிவந்த ‘ஏழாம் அறிவு’ திரைப்படத்துக்குப் பின்னர் இன்னும் வலுப்பெற்றது. காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசர் ஒருவர் சீனருக்கு மருத்துவமும் சண்டைக் கலையும் கற்பித்தார் என்ற கதை எமது வீடுகளுக்குள்ளும் வந்து சேர்ந்தது.

அந்த மனிதரைப் பற்றி உண்மையில் என்ன தெரியும்? அவரைப் பற்றி முதலில் எழுதியவர்கள் யார்?

போதிதர்மர் வாழ்ந்தது 5 ஆம், 6 ஆம் நூற்றாண்டுகளில். அவரைக் குறிப்பிடும் மிகப் பழைய நூல்களில் ஒன்று 547 ஆம் ஆண்டளவில் எழுதப்பட்டது. எழுதியவர் யாங் ஷுவான்ஜி என்ற அரச அதிகாரி. அவருடைய நூல் ஒரு துறவியின் வரலாறு அன்று. அழிந்துபோன ஒரு நகரத்தின் விகாரைகளைப் பற்றிய பதிவு.

வட வெய் அரசின் தலைநகராக இருந்த காலத்தில் லுவோயாங்கில் 1,367 விகாரைகள் இருந்ததாக யாங் கணக்குக் கூறுகிறார். 534 இல் அந்த அரசு உள்நாட்டுப் போரில் இரண்டாகப் பிளந்தது. தலைநகரம் யே நகருக்கு மாற்றப்பட்டது. குடிமக்கள் கூட்டம் கூட்டமாக இடம்பெயர்க்கப்பட்டனர். எஞ்சியவை 421 விகாரைகள். பதின்மூன்று ஆண்டுகளின் பின்னர் அலுவல் காரணமாக யாங் அந்த நகருக்குத் திரும்பி வந்தார். மதில்கள் சரிந்து, மாளிகைகள் இடிந்து, பற்றைக்காடு மண்டிக் கிடந்தது. அரண்மனை வாசலில் உழவர்கள் பயிர் செய்துகொண்டிருந்தார்கள். இனி வருகிறவர்களுக்கு இங்கே என்ன இருந்தது என்பதே தெரியாமல் போய்விடும் என்று அஞ்சிய யாங், ஒவ்வொரு விகாரையாக, வீதி வீதியாக, நினைவிலிருந்ததை எழுதி வைத்தார்.

அந்த நூலில் யொங்னிங் விகாரையின் ஒன்பது அடுக்கு மரக் கோபுரம் வருகிறது. 516 இல் கட்டப்பட்டு 534 இல் எரிந்துபோன கோபுரம் அது. மேற்குத் திசையிலிருந்து வந்த போதிதர்மர் என்ற வயோதிபத் துறவி அதை அண்ணாந்து பார்த்து, தான் பல நாடுகளைக் கண்டவன், இதைப் போன்ற அழகை எங்கும் கண்டதில்லை என்று கூறி, நாட்கணக்கில் கைகூப்பி நின்றார் என்று யாங் எழுதுகிறார். தனக்கு 150 வயது என்றும் அவர் சொன்னாராம். அவரைப் பாரசீக நாட்டவர் என்றே யாங் குறிப்பிடுகிறார். சண்டைக் கலை பற்றி ஒரு சொல்லும் இல்லை. 1979 இல் தொல்லியலாளர்கள் அந்தக் கோபுரத்தின் அடித்தளத்தை அகழ்ந்து வெளிக்கொணர்ந்தார்கள். ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 38 மீட்டர். போதிதர்மர் நின்று பார்த்தார் என்று துணிந்து சொல்லக்கூடிய மிகச் சில இடங்களில் அதுவும் ஒன்று.

இரண்டாவது பதிவு போதிதர்மரின் சீடர் வட்டத்தைச் சேர்ந்த தான்லின் என்ற துறவியினுடையது. அவர் தம் ஆசானைத் தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாவது மகன் என்கிறார். மூன்றாவது பதிவு 645 இல் தாவோஷுவான் தொகுத்த துறவியர் வரலாறு. அது அவரைத் தென்னிந்தியப் பிராமணர் என்கிறது. கடல் வழியாக வந்து தென் சீனாவில் இறங்கி, பின்னர் வடக்கே வெய் நாட்டுக்குச் சென்றார் என்றும் சொல்கிறது.

இந்த மூன்றிலும் காஞ்சிபுரம் என்ற பெயரோ பல்லவர் என்ற பெயரோ இல்லை. 1004 ஆம் ஆண்டளவில் தொகுக்கப்பட்ட ஒரு நூலில் அவருடைய நாட்டுக்குத் தரப்பட்டுள்ள சீனப் பெயரைச் சிலர் காஞ்சி என்று வாசிக்கிறார்கள். அது நடந்திருக்க முடியாத ஒன்றல்ல. 7 ஆம் நூற்றாண்டில் தமிழகம் வந்த சீனப் பயணி சுவான்சாங், காஞ்சிபுரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட விகாரைகளும் பத்தாயிரம் பிக்குகளும் இருந்ததாக எழுதியிருக்கிறார். தமிழ் மண்ணிலிருந்து ஒரு பௌத்தத் துறவி கடல் கடந்திருப்பதில் வியப்பில்லை. ஆனால் நடந்திருக்கலாம் என்பதும் நடந்தது என்பதும் வேறு வேறு.

சண்டைக் கலைக் கதை இதைவிடப் பிந்தியது. ஷாவோலின் விகாரை 495 இல் வெய் மன்னர் ஷியாவென் ஆணையால் பாத்துவோ என்ற வேறொரு இந்தியத் துறவிக்காக அமைக்கப்பட்டது. 621 இல் ஷாவோலின் பிக்குகள் லீ ஷிமின் பக்கம் நின்று போரில் உதவினார்கள். அவர் பின்னாளில் தாங் வம்சத்துப் பேரரசர் ஆனவர். இதற்கு 728 ஆம் ஆண்டுக் கல்வெட்டு இன்றும் அங்கே சான்றாக நிற்கிறது. 16 ஆம் நூற்றாண்டில் ஷாவோலின் பிக்குகள் கோல் சண்டைக்குப் பேர்பெற்றிருந்தார்கள். அந்தக் கலையைத் தந்தது கின்னரர் என்ற காவல் தெய்வம் என்பதே அவர்களுடைய நம்பிக்கையாக இருந்தது. போதிதர்மர் உடற்பயிற்சி கற்பித்தார் என்பது 1624 அளவில் எழுதப்பட்டு அவர் பெயரில் உலவவிடப்பட்ட ஒரு நூலிலிருந்து தொடங்குகிறது. அந்த நூலின் முன்னுரைகள் போலியானவை என்பதைச் சீன ஆய்வாளர் தாங் ஹாவோ 1930 அளவிலேயே எடுத்துக்காட்டிவிட்டார்.

லியாங் பேரரசர் வூவை அவர் சந்தித்த கதையும், குகையில் ஒன்பது ஆண்டுகள் சுவரைப் பார்த்து அமர்ந்த கதையும் ஆரம்பப் பதிவுகளில் இல்லை. ஷாவோலினுக்கு மேலே மலையில் இருக்கும் தாமோ குகைக்கு மக்கள் இன்றும் படியேறிப் போகிறார்கள். பக்தி அதற்குப் போதும், வரலாற்றுக்குப் போதாது.

அப்படியானால் போதிதர்மர் விட்டுச் சென்றது என்ன? தியானம். அந்தச் சொல்லின் வடமொழி மூலமே சீனத்தில் சான் என்றும், யப்பானில் சென் என்றும் ஆனது. வரும் துன்பத்தை வெறுப்பின்றித் தாங்குவது, இன்பம் வந்தாலும் தளம்பாதிருப்பது, எதன் மீதும் ஆசைப்படாதிருப்பது, அறத்தோடு இசைந்து நடப்பது ஆகிய நான்கு பயிற்சிகளை அவருடைய போதனையாகத் தான்லின் எழுதி வைத்தார். சொல்வதற்கு எளிது. அவருடைய மாணவர்கள் அதை எப்படி வாழ்ந்தார்கள் என்பதைத் தாவோஷுவானின் நூலில் பார்க்கலாம்.

போதிதர்மரின் தலைமைச் சீடர் ஹுய்கே. குருவிடம் தன் உறுதியைக் காட்ட அவர் தானே கையை வெட்டிக்கொண்டார் என்பது பிற்காலக் கதை. ஷாவோலின் பிக்குகள் ஒரு கையால் வணங்குவது அதன் நினைவாகவே என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். தாவோஷுவான் எழுதியது வேறு. கொள்ளையர்கள் ஹுய்கேயின் கையை வெட்டினார்கள். அவர் காயத்தைச் சுட்டு இரத்தத்தை நிறுத்தி, துணியால் சுற்றிக்கொண்டு, வழமை போலப் பிச்சைக்குப் போனார். யாரிடமும் சொல்லவில்லை.

பின்னர் இன்னொரு துறவியின் கையும் கொள்ளையரால் வெட்டப்பட்டது. அவர் தான்லின் என்றே ஆய்வாளர்கள் பொதுவாக அடையாளம் காண்கிறார்கள். அவர் இரவு முழுவதும் வலியில் அலறினார். ஹுய்கே அவருக்குக் கட்டுப் போட்டு, உணவு இரந்து வந்து கொடுத்தார். ஹுய்கேயின் கை திருத்தமாக இயங்கவில்லை என்று தான்லின் கோபப்பட்டார். உணவு முன்னாலேயே இருக்கிறதே, எடுத்துச் சாப்பிடலாமே என்றார் ஹுய்கே. தனக்குக் கை இல்லை என்பது தெரியாதா என்று தான்லின் சீறினார். தனக்கும் இல்லை என்று அப்போதுதான் ஹுய்கே சொன்னார். பௌத்தம் ஒடுக்கப்பட்ட 570களில் இருவருமாகச் சேர்ந்து நூல்களையும் சிலைகளையும் காப்பாற்றினார்கள்.

போதிதர்மரின் போதனை எமக்குக் கிடைத்தது தான்லின் எழுதியதால்தான். அவர் கோபுரத்தின் முன் கைகூப்பி நின்ற காட்சி கிடைத்தது, பாழடைந்த ஊருக்குத் திரும்பி வந்த ஓர் அதிகாரி எழுதியதால். இருவருமே இழந்தவர்கள். தாம் அறிந்ததையே எழுதினார்கள். வீரக் கதைகள் பல நூற்றாண்டுகள் கழித்து, எதையும் இழக்காதவர்களால் சேர்க்கப்பட்டவை.

ஷாவோலினும் தப்பவில்லை. 1928 இல் போர்த்தளபதி ஷி யூசானின் படைகள் விகாரைக்குத் தீ வைத்தன. முக்கிய மண்டபங்களும் ஏராளமான நூல்களும் அழிந்தன. இன்று பயணிகள் காணும் கட்டடங்களில் பெரும்பாலானவை பின்னர் எழுப்பப்பட்டவை. 1982 இல் வெளியான ‘ஷாவோலின் விகாரை’ திரைப்படத்துக்குப் பிறகு கூட்டம் பெருகியது. 2010 இல் அந்த வளாகம் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. காட்சிக்கு வருபவர்களில் சிலர் 728 ஆம் ஆண்டுக் கல்வெட்டின் முன்னும் நிற்கிறார்கள். எரிந்த ஊரில் என்ன இருந்தது, யார் இருந்தார்கள் என்பதை எவராவது எழுதி வைத்திருந்தால் 1,400 ஆண்டுகள் கழித்தும் அதைப் படிக்க ஆட்கள் வருவார்கள். எழுதாமல் விட்டால் அந்த இடத்தைக் கதைகள் நிரப்பிவிடும்.