வள்ளல் அழகப்பர்

ஒருவர் ஈந்த பொருளை ரூபாய்க் கணக்கில் அளந்து வியத்தல் உலக வழக்கு. கோட்டையூர் அழகப்பச் செட்டியாரைக் குறித்து நம் நாட்டார் பேசும்பொழுதும் இலட்சங்களையே எண்ணுகின்றனர். அப்பொருள் எதற்கு ஈயப்பட்டது என்று ஆராய்வார் சிலரே. திருப்பூரைச் சார்ந்து, நொய்யலாற்றின் பக்கத்தே, பனியன் தொழிலாலும் சாயத் தொழிலாலும் வயிறு வளர்க்கும் மண்ணரை மக்களாகிய நமக்கு அவ்வாராய்ச்சி வீண்பொழுது அன்று. காரணம் போகப்போகப் புலனாகும்.

காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் 1909-ம் ஆண்டு ஏப்ரல் 6-ம் நாள், இராமநாதன் செட்டியாருக்கும் உமையாள் ஆச்சிக்கும் மகவாக இவர் தோன்றினார். நகரத்தார் குலத்துச் சிறுவர், மீசை அரும்புமுன்னரே பெட்டியடியில் அமர்ந்து கணக்குப் பழகுதல் அக்கால முறை. இவரோ கல்வியை விடாது பற்றிச் சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயின்று, எம்.ஏ. பட்டம் பெற்றார். பின்பு கடல் கடந்து இலண்டன் சென்று சட்டங் கற்றுப் பாரிஸ்டரானார். அந்நகரிலேயே சார்ட்டர்டு பாங்கில் வேலை பழகினார். கிராய்டனில் விமானம் ஓட்டவும் பயின்று சான்று பெற்றார். இலக்கியமும் சட்டமும் பாங்குக் கணக்கும் ஆகாய விமானமும் ஒரே மனிதருக்கு எதற்கு என்று உற்றார் வினவியிருப்பின் அவர்களை நாம் குறைகூறோம்.

தாயகம் மீண்டபின் தொழிலில் இறங்கினார். மலேயாவில் ரப்பர்த் தோட்டமும் வெள்ளீயச் சுரங்கமும் இவருக்கு உரியவாயின. ஜூபிடர் என்னும் பெயரால் விமானக் கம்பெனியொன்றும் நடத்தினார். நம் கண்ணுக்கு இவற்றினும் பெரிதாய்ப் படுவது, கொச்சி இராச்சியத்தில் திருச்சூருக்கு அணித்தே 1937-ல் எழுந்த நூலாலை. அவ்வூர் இன்றும் அழகப்பநகர் என்றே வழங்கப்படுகின்றது. பஞ்சு நூலாவதையும், நூல் துணியாவதையும், ஓர் இயந்திரம் நின்றால் எத்துணைக் குடும்பங்களின் அடுப்பு நின்றுவிடும் என்பதையும் அறிந்த முதலாளி இவர்.

நிற்க. அந்நாளில் கிண்டி இஞ்சினீரிங் கல்லூரியில் பாலங் கட்டுதலும் இயந்திரம் இயக்குதலும் மின்சாரமும் கற்பிக்கப்பட்டன. துணிக்கும் தோலுக்கும் இரசாயனத் தொழிலுக்கும் உரிய உயர்தரப் படிப்புக்கு அங்கே இடமில்லை. உலகப் போர் ஓயாத 1944-ல், அழகப்பர் அளித்த ஐந்து இலட்சம் ரூபாயை முதலாகக் கொண்டு சென்னைச் சர்வகலாசாலையார் அக்கல்லூரிக்கு அருகிலேயே அழகப்பச் செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரியைத் தோற்றுவித்தனர். இரசாயனப் பொறியியல், ஆடைத் தொழில்நுட்பம், தோல் தொழில்நுட்பம் என்னும் மூன்றும் அங்கே ஒரு முற்றத்தில் கூடின. துணியை அறிந்தவனுக்குச் சாயத்தின் இயல்பு தெரியாது. சாயத்தை அறிந்தவனுக்குத் தறியின் தொல்லை தெரியாது. இருவரையும் ஒரு கூரையின்கீழ் அமர்த்தியதே இக்கொடையின் பெருமை. ஐந்து இலட்சம் என்னும் தொகை அதற்குப் பின்னதே என்பது நம் கருத்து. 1948-ல் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையமும் அடையாற்றில் இக்கல்லூரிக்கு அண்டை வீடாய் வந்தமைந்தது. 1978-ல் அண்ணா பல்கலைக் கழகம் உருவானபொழுது, இக்கல்லூரி அதன் உறுப்புகளுள் ஒன்றாயிற்று.

1947-ல் காரைக்குடியில் கலைக் கல்லூரி நிறுவினார். அதன்பின் வரிசையாய் எழுந்த கல்விச்சாலைகளை இங்கு விரிப்பின் பெருகும். 1952-ல் அங்கும் ஒரு பொறியியற் கல்லூரி பிறந்தது என்பது மட்டும் கூறி அமைவோம்.

சுதந்திரம் பெற்ற புதிதில், டாக்டர் சாந்தி ஸ்வரூப் பட்நாகரின் முயற்சியால் தேசிய ஆராய்ச்சிச் சாலைகள் பல நிறுவப்பட்டு வந்தன. மின்சாரமும் இரசாயனமும் கைகோக்கும் துறைக்கு உரிய சாலையைத் தம்மூர்ப் பக்கம் அமைக்குமாறு வேண்டி, 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் தர முன்வந்தார் அழகப்பர். வானம் பார்த்த பூமியில் விஞ்ஞானிகள் வந்து குடியேறுவரா என்று ஐயுற இடமிருந்தது. எனினும் 1948-ம் ஆண்டு ஜூலை 25-ம் நாள் பண்டித நேரு அங்கே அடிக்கல் நாட்டினார். 1953-ம் ஆண்டு பொங்கல் திருநாளன்று டாக்டர் இராதாகிருஷ்ணன் மத்திய மின்இரசாயன ஆராய்ச்சி நிலையத்தை நாட்டுக்கு உரிமையாக்கினார். சிக்ரி என்று மக்கள் வழங்குவது இதனையே. இரும்பு துருப்பிடித்தல், மின்கலம், உலோகத்துக்கு முலாம் பூசுதல் முதலியன அங்கு ஆராயப்படும் பொருள்கள். கடற்காற்று உலோகத்தை எங்ஙனம் அரிக்கின்றதென்று காண மண்டபத்தில் ஒரு சோதனை நிலையமும் வைத்தனர். இரசாயனம், பௌதிகம், உலோக நூல், மின்பொறி நூல் ஆகிய நான்கும் கூடாவிடில் இவற்றுள் ஒன்றும் நடவாது.

ஆங்கில அரசினர் இவருக்கு ஸர் பட்டம் சூட்டினர். சுதந்திர இந்தியா 1956-ல் பத்மபூஷண் விருது அளித்தது. ஆயினும் அப்புகழை உடல்நலத்தோடு துய்க்க இவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. தொழுநோய் பற்றி வருத்திய ஆண்டுகளிலும் கல்விப் பணியை நிறுத்தினாரில்லை. நாற்பத்தெட்டு வயது நிறைய ஒருநாளே இருக்கையில், 1957-ம் ஆண்டு ஏப்ரல் 5-ம் நாள் உயிர் நீத்தார். இவர் பெயரால் காரைக்குடியில் பல்கலைக் கழகம் எழுந்தது 1985-ல்.

இனி நம்மூர்க் காரணத்துக்கு வருவோம். பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும், அதுவும் மிகுதியாக வேண்டும். துணி சாயத்தைக் கொள்ளும், உப்பைக் கொள்ளாது. அவ்வுப்பும் எஞ்சிய சாயமும் நொய்யலில் விடப்பட்டமையால் கிணறுகள் கைத்தன. பாசனத்துக்கென்று 1992-ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்குட்டையாய்ப் போயிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயச்சாலைகளை மூடுமாறு ஆணையிட்டது. தறி அறியாத குழந்தைகளும் அன்று பட்டினியின் பொருளை அறிந்தன. உழவனுக்கு நீர் வேண்டும், தொழிலாளிக்குக் கூலி வேண்டும். இரண்டனுள் ஒன்றை விடு என்று யாரிடம் சொல்வது?

அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, 2007-ல், கிண்டித் தொழில்நுட்பக் கல்லூரியாரும் காரைக்குடி ஆராய்ச்சி நிலையத்தாரும் கூடிச் சாயக் கழிவுநீரை மின்சாரத்தால் தூய்மை செய்யும் ஆராய்ச்சியொன்றை வெளியிட்டிருந்தனர். ஒரே மனிதரின் கொடையில் தோன்றிய இரண்டு நிலையங்கள், அவர் மறைந்து ஐம்பதாண்டு கழிந்தபின், நம் சாக்கடை நீரைப் பற்றிச் சேர்ந்து சிந்தித்தன என்க. முறை எளிதே. கழிவுநீரினுள் தகடுகளை நிறுத்தி மின்சாரம் செலுத்தினால் நீரிலுள்ள உப்பினின்று குளோரின் பிறக்கும். அது சாயத்தைச் சிதைக்க, நிறம் அகலும். நம் கிணறுகளைக் கெடுத்த உப்பே அங்கு வேலையாளாகின்றது! அந்நீரை மீண்டும் சாயமிடப் பயன்படுத்தலாமா என்றும் அவர்கள் ஆராய்ந்தனர்.

நிறம் போகும், உப்போ நீரிலேயே நிற்கும். ஆதலின் இன்று திருப்பூர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் நீரைச் சவ்வுகளின் வழியே அழுத்திப் பிரித்து, எஞ்சிய உவர்நீரைக் காய்ச்சி வற்றவைக்கின்றனர். இதற்கு ஆகும் மின்சாரச் செலவைக் கேட்டால் முதலாளிமார் பெருமூச்சு விடுவர். பிரித்தெடுத்த உப்பில் ஒரு பகுதி மீண்டும் சாயத் தொட்டிக்குச் செல்கின்றது. ஒன்றுக்கும் உதவாக் கலப்புப்போ மூட்டை மூட்டையாய்த் தேங்குகின்றது. அதனை என் செய்வது என்னும் வினா ஆராய்ச்சியாளர் முன் இன்னும் கிடக்கின்றது.