இஞ்சியைக் கொடுத்து மிளகாய் வாங்கிய மன்னன்

ஜேர்மனியில் பௌஸ்ட் என்றொரு கல்விமானைப் பற்றிய பழங்கதை உண்டு. கற்ற கல்வி எதுவும் போதாமல் அவர் ஷைத்தானோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொள்கிறார். 24 ஆண்டுகளுக்கு அவர் கேட்டதெல்லாம் கிடைக்கும். தவணை முடிந்ததும் அவருடைய ஆன்மா ஷைத்தானுக்குச் சொந்தமாகும். கையொப்பம் அவருடைய இரத்தத்தால் இடப்படுகிறது. 1587இல் பிராங்போர்ட் நகரில் இக்கதை நூலாக அச்சேறியது. பின்னர் மார்லோ ஆங்கிலத்திலும் கெதே ஜேர்மன் மொழியிலும் அதை நாடகமாக்கினார்கள்.

அப்படியோர் ஒப்பந்தம் எங்கள் மட்டக்களப்பு வாவியோரத்திலும் எழுதப்பட்டது. அதில் எதிர்ப்பக்கத்தில் நின்றவர்கள் ஷைத்தான்கள் அல்லர், கணக்குப் புத்தகத்தோடு வந்த வியாபாரிகள். கையொப்பமிட்டவர் கண்டி மன்னர் இரண்டாம் இராஜசிங்கன். அப்போது அவருக்கு வயது 30.

இராஜசிங்கன் 1608இல் பிறந்தார். தந்தை செனரத் மன்னர். தாய் டோனா கதரினா என்று அழைக்கப்பட்ட குசுமாசன தேவி. இந்தத் தாயின் கதையே வேதனையானது. சிறுமியாக இருந்தபோது போர்த்துக்கேயரின் பொறுப்பில் வளர்க்கப்பட்டு, 1594இல் அவர்களுடைய படையோடு கண்டிக்கு அரசியாக அழைத்து வரப்பட்டவர் அவர். பெயருக்கு அவர் அரசி; ஆட்சி அவர்களுடையது என்பதே திட்டம். அந்தப் படையை முதலாம் விமலதர்மசூரியன் முறியடித்து அவரை மணந்தார். விமலதர்மசூரியன் இறந்த பின் செனரத் மணந்தார். அந்நியர் தம் வசதிக்காக முடிசூட்டிய ஒரு பெண்ணின் மகனாகப் பிறந்த இளவரசருக்கு ஐந்து வயதாகும்போது, 1613இல், தாயும் இறந்துவிட்டார்.

அவர் வளர்ந்த காலத்தில் கரையோரத்தின் பெரும்பகுதி போர்த்துக்கேயர் கையில் இருந்தது. 1626இல் அவர்கள் தம் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். போக்கிடமின்றி வந்தவர்களுக்குச் செனரத் மன்னர் அடைக்கலம் கொடுத்தார். அவர்களுள் ஏறத்தாழ 4,000 பேரை அவர் மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றியதாக வரலாறு கூறுகிறது. இப்பகுதியில் அதற்கு முன்பும் முஸ்லிம்கள் வாழ்ந்திருக்கிறார்கள். எனினும் எமது ஊர்களின் கதையில் கண்டி அரசுக்கு ஓர் இடம் உண்டென்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1628இல், போர்த்துக்கேயர் வாவி நடுவே புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள். கண்டிக்குக் கடலோடிருந்த தொடர்பை அறுப்பதே அவர்களுடைய நோக்கம்.

இளவரசர் முதன்முதலில் பெயர் பெற்றது 1630இல் ரந்தெனிவெலப் போரில். போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்டன்டினோ டி சா ஊவாவுக்குள் படையெடுத்து வந்தார். அவரோடு வந்த உள்நாட்டுப் படையினர் பலர் நடுவழியில் கண்டியின் பக்கம் மாறிவிட்டார்கள். டி சா களத்திலேயே இறந்தார். வென்றவருக்கு வயது 22.

1635இல் செனரத் மறைந்ததும் அவர் அரியணை ஏறினார். வெற்றிகளைக் கண்டிருந்தும் அவருக்கு ஒரு குறை இருந்தது. மலையும் காடும் அவருடைய படைக்குத் துணை நின்றன, கடல் நிற்கவில்லை. அவரிடம் போர்க்கப்பல்கள் இல்லை. மலையில் எத்தனை முறை தோற்றாலும் போர்த்துக்கேயர் கரையோரக் கோட்டைக்குத் திரும்பிவிடுவார்கள். கோவாவிலிருந்து கப்பலில் புதிய ஆட்களும் வெடிமருந்தும் வந்துசேரும். மறுபடியும் படையெடுப்பார்கள். இந்தச் சக்கரத்தை நிறுத்த அவருக்கு ஒரு கடற்படை வேண்டும். அதை வைத்திருந்தவர்கள் ஒல்லாந்தர். 1636இல் தென்னிந்தியாவின் பழவேற்காட்டில் இருந்த ஒல்லாந்த அதிகாரிக்கு அவர் உதவி கேட்டுக் கடிதம் அனுப்பினார்.

கப்பல்கள் வருமுன்பே போர்த்துக்கேயர் மீண்டும் கண்டிமீது படையெடுத்தார்கள். 1638 மார்ச் 28ஆம் திகதி மகாவலிக் கரையில் உள்ள கன்னொருவையில் அவர்களுடைய படை ஏறத்தாழ முற்றாக அழிந்தது. தளபதி டியோகோ டி மெலோவும் கொல்லப்பட்டார். தரையில் இராஜசிங்கனுக்கு இதைவிடப் பெரிய வெற்றி கிடைக்கப் போவதில்லை. ஆனால் கரையோரக் கோட்டைகள் அப்படியே இருந்தன.

மே மாதத்தில் அதாம் வெஸ்டர்வோல்ட்டின் கப்பல்கள் மட்டக்களப்பை அடைந்தன. மன்னர் தம் படையோடு மலையிறங்கி வந்தார். மே 18ஆம் திகதி புளியந்தீவுக் கோட்டை சரணடைந்தது. ஐந்து நாட்களின் பின், மே 23ஆம் திகதி, ஒப்பந்தம் கைச்சாத்தானது.

அதன்படி ஒல்லாந்தர் போர்த்துக்கேயரை விரட்ட உதவுவார்கள். போர்ச் செலவை மன்னர் கறுவா, மிளகு, தேன்மெழுகு போன்ற பொருட்களாகக் கொடுத்துத் தீர்ப்பார். யானை வியாபாரம் நீங்கலாக ஏனைய வியாபாரமெல்லாம் ஒல்லாந்தக் கம்பனிக்கே உரியது. கைப்பற்றப்படும் கோட்டைகளில் ஒல்லாந்தப் படை நிற்கலாமா என்பதே முக்கியமான வாசகம். மன்னரிடம் கொடுக்கப்பட்ட போர்த்துக்கேய மொழிப் பிரதியில், மன்னர் விரும்பினால் மட்டும் நிற்கலாம் என்ற பொருள் இருந்தது. கம்பனி வைத்துக்கொண்ட ஒல்லாந்த மொழிப் பிரதியில் மன்னரின் விருப்பம் பற்றிய அந்தச் சில சொற்கள் இல்லை.

இராஜசிங்கன் போர்த்துக்கேய மொழி அறிந்தவர். தம் கையில் இருந்ததை அவரால் வாசித்து விளங்க முடிந்தது. ஏமாற்றம் அவர் வாசிக்க முடியாத மற்றத் தாளில் இருந்தது. பௌஸ்டுக்குக்கூட இந்த நிலை ஏற்படவில்லை. தான் எதைக் கொடுக்கப்போகிறோம் என்று தெரிந்துதான் அவர் கையொப்பமிட்டார்.

1639இல் திருகோணமலையும் 1640இல் காலியும் ஒல்லாந்தரிடம் வீழ்ந்தன. கறுவா விளையாத திருகோணமலையையும் மட்டக்களப்பையும் அவர்கள் பின்னர் மன்னரிடம் ஒப்படைத்தார்கள். கறுவா நிலங்களுக்கு வாசலான காலியை விடவில்லை. செலவுக் கணக்கு இன்னும் தீரவில்லை என்றார்கள். காலியைப் பிடித்த தளபதி வில்லெம் கொஸ்டர் கணக்குப் பேசக் கண்டிக்குப் போனார். கிழக்குக் கரைக்குத் திரும்பும் வழியில் கொல்லப்பட்டார்.

அவநம்பிக்கை முற்றியபோதும் இரு தரப்பும் பிரியவில்லை. ஒருவருக்கு மற்றவர் தேவைப்பட்டார். 1655இல் கொழும்பு முற்றுகை தொடங்கியது. மாதக்கணக்கில் பசியால் வாடிய நகரம் 1656 மே 12ஆம் திகதி சரணடைந்தது. சரணடையும் நிபந்தனைகளில் மன்னருக்கு இடமில்லை. அவருடைய படைக்கு நகரின் வாசலும் திறக்கப்படவில்லை. பதினெட்டு வருடம் காத்திருந்தவர் கோட்டைக்கு வெளியே நின்றார். கோபத்தில் சுற்றியிருந்த தாழ்நிலங்களை அழித்து, குடிமக்களையும் மலைக்குக் கொண்டுபோனார். கம்பனி செய்த வஞ்சனைக்கு அந்த நிலங்களின் உழவர்களே முதலில் விலை கொடுத்தார்கள். இதை மறைத்து அவரைப் புகழ்வது நீதியாகாது.

1658இல் யாழ்ப்பாணமும் வீழ்ந்தது. போர்த்துக்கேயர் இலங்கையை விட்டு முற்றாக நீங்கினார்கள். மன்னர் கேட்டது அதுதான், அது கிடைத்தது. ஆனால் அவர்கள் இருந்த இடத்தில் வேறொருவர் அமர்ந்திருந்தார். இஞ்சியைக் கொடுத்து மிளகாய் வாங்கிய கதை என்று சிங்கள மக்கள் இன்றும் இதைப் பழமொழியாகச் சொல்கிறார்கள்.

அதன் பிறகு அவர் எவரையும் எளிதில் நம்பவில்லை. நாட்டுக்கு வந்த அந்நியர்களையும் தூதுவர்களையும் மலைக்கிராமங்களில் தடுத்து வைத்தார். 1660இல் மூதூருக்கு அருகே கொட்டியாரத்தில் பிடிபட்ட ஆங்கிலேயரான ரொபர்ட் நொக்ஸ் 1679இல்தான் தப்பினார். கூடப் பிடிபட்ட அவருடைய தந்தை சிறையிருப்பிலேயே இறந்துபோனார். நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூல் வழியாகத்தான் உலகம் இந்த மன்னரை அறிந்தது. 1664இல் நில்லம்பையில் மன்னருக்கு எதிராகக் கிளர்ச்சி எழுந்தது. கிளர்ச்சியாளர்கள் அவருடைய சிறு வயது மகனை அரசனாக்க முயன்றார்கள். கிளர்ச்சி அடங்கியது, அச்சம் அடங்கவில்லை. 1672இல் பிரெஞ்சுக் கப்பல்கள் திருகோணமலைக்கு வந்தபோது, ஒல்லாந்தரை விரட்ட அவர்களோடும் உடன்பாடு செய்தார். அதுவும் பலிக்கவில்லை.

1687இல், 52 ஆண்டுகள் ஆண்டபின், அவர் இறந்தார். மலையரசை அவர் கடைசிவரை காத்தார். அது 1815 வரை நிலைத்தது. கரையோரமோ 1766இல் எழுத்து மூலமாகவே கம்பனிக்குப் போயிற்று. கம்பனியின் ஆட்சியில் முஸ்லிம் வியாபாரிகளும் பல கட்டுப்பாடுகளுக்கு ஆளானார்கள். செனரத் மன்னர் அடைக்கலம் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகளும் அந்த மிளகாயின் காரத்தை அறிந்தார்கள்.

இராஜசிங்கனை மூடன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு வேறு வழி குறைவாக இருந்தது. தேவை கழுத்தை நெரிக்கும்போது கைநீட்டுபவனின் முகத்தை எவரும் உற்றுப் பார்ப்பதில்லை. அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் சூரத்துல் பகராவின் 282ஆவது வசனம். அது கடனை எழுதிக்கொள்வது பற்றியது. எழுதுபவர் நீதியாக எழுதவேண்டும், சாட்சிகள் இருக்கவேண்டும், சிறு தொகையையும் எழுதச் சோம்பக்கூடாது என்று அது கற்பிக்கிறது. ஒப்பந்தத்துக்கு மார்க்கம் ஏன் இவ்வளவு இடம் கொடுத்தது என்பதை மட்டக்களப்பு ஒப்பந்தத்தைப் படித்தபோதுதான் நான் விளங்கிக்கொண்டேன்.

எமது பகுதியிலிருந்து எத்தனையோ தாய்மார் வெளிநாட்டு வேலைக்காகத் தாள்களில் கையொப்பமிடுகிறார்கள். இங்கே காட்டப்பட்ட ஒப்பந்தம் ஒன்று, அங்கே போனபின் காட்டப்படுவது இன்னொன்று என்று துன்பப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தாள்களை வாசிக்கக்கூடிய பிள்ளைகள் இன்று ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறோம். உம்மா கையொப்பமிடும் முன், மற்றப் பிரதி எங்கே, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பது எங்களுடைய வேலை. அன்று மன்னருக்கு அந்த ஒல்லாந்தப் பிரதியை வாசித்துச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை.